எல்லாரும் பிழைக்கும் முடிவு

அன்புராஜைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி ஜபீன், "உங்களுக்கு அந்த யோக்கியத இருக்குதா?" என்று கேட்டாள். இல்லைதான். ஆனால் அவன் கதையை எழுதினால் நான் செய்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு வருஷமாக அது நெஞ்சை அரித்துக்கொண்டு கிடக்கிறது. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் சோறு இறங்கும் போலிருக்கிறது.

என் பெயர் இஜாஸ். பழவேற்காட்டுக்காரன். வாப்பா அப்துல் ரவூபுக்கு ஊரில் ஜவுளிக்கடை. துணி கிழிக்க எனக்குப் பொறுமை இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டு வந்து, 2003இல் கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் பயோடேட்டா அடிக்கவும் ஜனங்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தவர்களெல்லாம் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்டு முடித்த ஆட்கள். சட்டையில் கிரீஸ், கையில் சாப்பாட்டு கேரியர். "பாய், கேம் கீதா?" என்றார்கள். நானும் பர்மா பஜாருக்குப் போய் டூப்ளிகேட் சிடிகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்படி வந்ததுதான் வெஸ்பர் என்ற விளையாட்டு. மொத்தம் மூன்று பாகம். பூமி பாழாய்ப் போய்விட்டது, மிச்சமிருக்கும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் விண்வெளியில் வேறு பூமியைத் தேடிப் போகிறது. ஆடுகிறவன்தான் கேப்டன். திடீரென்று கப்பலில் ஒரு கதவு உடையும், காற்று வெளியே போகும், இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருப்பார்கள். யாரை இழுப்பது, எந்தக் கதவைச் சாத்துவது என்று நொடியில் முடிவு செய்து பட்டனை அழுத்த வேண்டும். முதல் பாகத்தில் செத்தவன் இரண்டாம் பாகத்தில் வரமாட்டான். பிழைத்தவன் வந்து நின்று கேப்டனுக்கு நன்றி சொல்வான். எங்கள் ஆட்களைப் பைத்தியமாக்கியது அதுதான்.

ஆனால் அதில் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். பொன்னேரி காலேஜில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஆடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் கொடுத்துத் தமிழில் பேசுவேன். இன்ஜின் பார்க்கும் பெண்ணின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் அவள் செண்பகம் ஆனாள். எனக்குப் புரியாத இடம் நிறைய வரும். அங்கெல்லாம் நானே ஏதாவது போட்டு நிரப்பிவிடுவேன். சப்பென்று ஒரு வசனம் வந்தால் அதற்கும் கொஞ்சம் மசாலா சேர்ப்பேன். ஜனங்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

அன்புராஜ் எங்கள் கடைக்கு வந்தபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் அப்பா பச்சையப்பன் ஆரணியாற்றுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைப்பவர். இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் கிரேன் ஓட்டினான். கிரேன் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. அது கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும். அதிலிருந்து தொங்கும் பட்டன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் கூடவே நடக்க வேண்டும். மொத்தம் ஆறு பட்டன். மேலே, கீழே, நான்கு பக்கம். அவனோடு ஜோடி மோசஸ். கம்பிக் கட்டுக்குச் சங்கிலி போட்டுக் கொக்கி மாட்டுகிற வேலை மோசஸுக்கு. நாற்பது வயது ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அன்புராஜை முதலில் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்ததே அவர்தான்.

மற்றவர்கள் ஆடும்போது நாற்பதில் பத்துப் பேராவது செத்துவிடுவார்கள். "போனா போவுட்டும்" என்று மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். அன்புராஜ் அப்படி இல்லை. ஒருவன் செத்தால் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஆடுவான். "பாய், அந்த சமையல்காரனுக்கு ஒரு பொண்ணு கீதுன்னு சொன்னியே, அவன உட்டுட்டு எப்டி போறது?" என்பான். அந்தப் பெண் நான் சேர்த்த மசாலா. விளையாட்டில் அப்படி யாரும் இல்லை. ஆனாலும் அவன் சமையல்காரனைக் காப்பாற்றினான். இரண்டாம் பாகம் முடிந்தபோது நாற்பது பேரும் உயிரோடு இருந்த ஒரே கப்பல் அவனுடையது. வேறு மில் ஆட்களெல்லாம் வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி, திரையை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் பாகத்துக்கு இரண்டு வருஷம் காத்திருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? "நாப்பது பேரும் புது பூமியில எறங்கறாங்க, நெட்டுல போட்டுகிறான்" என்று அளந்துவிட்டேன். நெட்டில் எவனும் அப்படிப் போடவில்லை.

அந்தக் காத்திருப்பின் கடைசியில், 2007 மே மாதம், மோசஸ் செத்துப்போனார்.

கம்பிக் கட்டைத் தூக்கி ஆள் உயரம் வந்ததும் அது ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்திருக்கிறது. மோசஸ் அடியில் நின்றார். அன்புராஜ் அந்தக் கம்பிக் கட்டை அவரிடமிருந்து விலக்குவதற்காகப் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினான். சங்கிலி அறுந்தது. பழைய சங்கிலி, எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது என்று விசாரித்தவர்களே சொன்னார்கள். அன்புராஜை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் மட்டும் கிரேன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மில் யார்டில் கம்பி அடுக்கப் போய்விட்டான். அடக்கத்துக்குப் போனவன் கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். கடைப் பக்கமும் வரவில்லை.

ஜூலையில் மூன்றாம் பாகம் வந்தது. நானே ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டேன். அவன் கப்பல்தானே நாற்பது பேரும் இருக்கிற கப்பல், வேறு யார் ஆடுவது? வந்தான். இளைத்திருந்தான். ஒரு வாரம், முதல் ஷிப்டு முடிந்து தினமும் மூன்று மணி நேரம் ஆடினான். ஐந்து கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டு அத்தனை பேரும் அவன் பின்னால் நின்றோம். மூன்றாம் நாள் அவன் சிரித்தான். நான்தான் அவனைத் தேற்றிவிட்டேன் என்று ஜபீனிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கட்டம். புது பூமி தெரிந்தது. பார்த்தால் அது வெந்து கருகிய கல். நாற்பது பேரையும் ஒரு சின்னக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கேப்டன் மட்டும் பின்னால் நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கப்பல் உறைந்து மிதந்து வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் செண்பகம், சமையல்காரன், எல்லாரும் கண்ணைத் திறந்தபடி. கேப்டன் விளக்கை அணைக்கிறான். திரை கறுப்பாகிப் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. 

பிறகு கடையில் நடந்தது இருக்கிறதே, அப்பப்பா. ஒருவன் நாற்காலியை உதைத்தான். "இதுக்கா ரெண்டு வருசம் காத்துனு இருந்தோம்?" "நாப்பது பேரும் எறங்குவாங்கன்ன, எங்க பாய் எறங்கனாங்க, சுடுகாட்டுலயா?" "டுபாக்கூர் சிடி வாங்கினு வந்துட்டு கத உடறான்யா." பக்கத்து டீக்கடைக்காரர் சண்டை என்று நினைத்து ஓடிவந்துவிட்டார். நான்கு வருஷம் எனக்குக் கைதட்டிய ஆட்கள் அவர்கள். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அன்புராஜ் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான். "பாய், நான் எங்கனா தப்பா அழுத்திட்டனா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு ஒரு வழி கிடைத்தது.

"ஆமா அன்பு," என்றேன். "எங்கயோ ஒரு எடத்துல மிஸ் ஆயிடுச்சி. கரெக்டா ஆடினா எல்லாரும் பொழைக்கற முடிவு ஒண்ணு தனியா கீது. நெட்டுல போட்டுகிறான்."

கூட்டம் அடங்கிவிட்டது. கோபமெல்லாம் அன்புராஜ் பக்கம் திரும்பி, அவன் எந்த இடத்தில் தப்புப் பண்ணினான் என்று ஆளாளுக்கு வாதம் பண்ணிக்கொண்டு கலைந்தார்கள். என் மானம் தப்பியது. அன்புராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில்தான் நெட்டில் உண்மையாகவே தேடினேன். உலகம் முழுக்க ஒரே ஒப்பாரி. அமெரிக்காக்காரன், பிரேசில்காரன் எல்லாரும் எங்கள் கடை ஆட்கள் மாதிரியே விளையாட்டை உண்டாக்கியவர்களைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். "இத்தனை வருஷம் எங்களை முடிவு செய்ய வைத்து ஏமாற்றினீர்களா" என்று ஒருவன் பக்கம் பக்கமாக அழுதிருந்தான். உண்டாக்கியவர்களும் பதில் போட்டிருந்தார்கள். ஒரே முடிவுதான், ஆடுகிறவன் எதைச் செய்தாலும் இதுதான் முடிவு என்று. அதை இரண்டு தடவை படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மத்தியானம் அவன் வந்து, "பாய், மொதல் பாகத்துலேர்ந்து போடு" என்றான். போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் சலித்துப் போய் விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. எட்டு மாதம். மூன்று பாகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஆறு தடவை ஆடினான். மற்றவர்களெல்லாம் வெஸ்பரை மறந்து கார் ரேஸுக்குப் போய்விட்டார்கள். இவன் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எந்த இடத்தில் எதை அழுத்தினான் என்று எழுதிக்கொண்டே ஆடினான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் திரை கறுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான். நான் டீ வாங்கி வைப்பேன். "இந்த தபா கிட்ட வந்துட்டன் பாய், இல்ல?" என்று கேட்பான். "ஆமா, கிட்டத்தான்" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நோட்டோடு வந்தான். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம்.

"பாய், புரிஞ்சிடிச்சி. எல்லா எடத்துலயும் நான் சைடு பட்டனதான் அழுத்தறேன். பயந்தா என் கை சைடுலதான் போவுது. பாரு." வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக் கட்டைவிரலால் காற்றில் அழுத்திக் காட்டினான். அது கீபோர்டு அழுத்தும் விதமில்லை. கிரேன் பெட்டியைப் பிடிக்கும் விதம். "கீழ அழுத்தியிருக்கணும். கீழ எறக்கியிருந்தா கட்டு தரையில உக்காந்திருக்கும், சங்கிலிக்கு வெயிட்டு போயிருக்கும். மோசஸ் அண்ணன் ஒரு அடி நவுந்திருப்பாரு."

"அன்பு, இது கேமு," என்றேன்.

"தெரியும் பாய். ஆனா நீதான சொன்ன, கரெக்டா அழுத்தினா எல்லாரும் பொழைக்கற வழி ஒண்ணு இருக்கும்னு. அப்போ அங்கயும் இருந்திருக்கும்ல. நான்தான் தப்பா அழுத்திட்டேன்."

ஊரே "உன் தப்பில்லடா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் ஒருவன் மட்டும் எட்டு மாதமாக அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் டீ வாங்கிக் கொடுத்து. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கரண்ட் போகப்போகிறது என்று ஏதோ பொய் சொல்லிக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஜபீனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "நாலு பேரு முன்னாடி உங்க பவுசு போயிடக்கூடாதுன்னு ஒருத்தன் தலையில கொலப்பழிய ஏத்தி வெச்சிகீறீங்க. மனுசனா நீங்க?" என்றாள். பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அன்புராஜ் வந்ததும் கம்ப்யூட்டரைப் போடவில்லை. நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்து நேராகச் சொன்னேன். "அப்டி ஒரு முடிவே இல்ல அன்பு. அன்னிக்கு எல்லாரும் என்ன திட்டினாங்கன்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். மறுநாளே எனக்கு தெரியும்."

அவன் கறுப்பாகக் கிடந்த திரையைப் பார்த்தான். "அப்போ இன்னா அழுத்தினாலும்?"

"இன்னா அழுத்தினாலும் அதேதான். நீ எதையும் தப்பா பண்ல. நாப்பது பேர கடைசி வரிக்கும் கொண்டாந்ததே பெருசு."

"கீழ அழுத்தியிருந்தா?"

அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். "சங்கிலி பழசு அன்பு. நீ பட்டன தொடறதுக்கு முன்னாடியே அது போயிடிச்சி."

என்னை அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துச் சட்டையில் முகத்தைத் துடைத்தான்.

"இன்னும் நான் குணசுந்தரி அக்காவ பாக்கப் போவல பாய்," என்றான். மோசஸின் மனைவி அவர். "மூணு தபா ஆள் உட்டாங்க, வந்துட்டுப் போன்னு. எல்லாரையும் ஒரு வாட்டி காப்பாத்திட்டு அப்பறம் போலாம்னு இருந்தேன். எந்த மூஞ்ச வெச்சினு போறதுன்னு இருந்தது."

இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை என் வண்டியில் உட்கார வைத்துப் பொன்னேரிக்குப் போனேன். குணசுந்தரி இப்போது அங்கே அம்மா வீட்டில் இருந்தார். வழியில் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ ஒண்ணும் பேசாத பாய்," என்றான். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

அவர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். அன்புராஜை வாசலில் பார்த்ததும் கையிலிருந்த பைபிளை ஜன்னலில் வைத்துவிட்டு, "வா" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் கதவோரமாக நின்றேன்.

"ஏன் அன்பு இத்தினி நாளா வர்ல?"

அன்புராஜ் என்னை ஒரு முறை பார்த்தான். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். "பயமா இருந்துச்சிக்கா," என்றான். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறந்து, இல்லையம்மா, என்னால்தான் என்று சொல்லவில்லை.

"பயப்பட இன்னாப்பா கீது. நீ இன்னா பண்ணுவ? உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் ஆள் மேல ஆள் உட்டேன். அன்னிக்கி அவரு கூட கடைசியா இருந்தது நீதான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "காலையில எங்க ரெண்டு பேருக்கும் சண்ட. நான் கண்டபடி பேசிட்டேன். சாப்டாமயே போயிட்டாரு. பத்து மாசமா எனக்கு தூக்கமே இல்ல. எம்மேல கோவத்தோடயே போயிட்டாராப்பா?"

அன்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அய்யோ அக்கா, இல்ல. கேன்டீன்ல நாலு இட்லி துன்னாரு, நான்தான் கூட இருந்தேன். 'காத்தால உங்க அக்கா கிட்ட வாங்கி கட்டிகினேன்டா, தப்பு எம்மேலதான், சாயங்காலம் எறா வாங்கினு போய் கொடுத்தாதான் ஊட்டுக்குள்ள உடுவா'ன்னு சொல்லி சிரிச்சாரு. கொக்கி மாட்டும்போது கூட, 'ரெண்டு மணிக்கு ஞாபகப்படுத்துடா, மறந்துடுவேன்'னாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சிகினேதான் இருந்தாருக்கா."

குணசுந்தரி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வராமல் வெகுநேரம் அழுதார். நாற்காலியிலிருந்து இறங்கி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அன்புராஜும் அழுதான். முந்தின ஜூலையிலேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய இரண்டு வாக்கியம் அது. அத்தனை மாதமும் அவர் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் கவரைப்பேட்டையில் "கிட்டத்தான், கிட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தார்.

"இவன நீங்கதான் இட்டாந்தீங்களா பாய்?"

தலையை ஆட்டினேன்.

"உங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கும்," என்று சொல்லி இரண்டு கையையும் கூப்பினார். அன்புராஜ் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு நான் வண்டியை எடுத்தேன்.